மின்னஞ்சலுக்கும் ஒரு காப்புநகல் வேண்டும்



முதலில் ஒரு கேள்வி. நாளைக் காலையில் உங்கள் பள்ளி மின்னஞ்சல் கணக்கு திறக்கவில்லை என்றால் எதையெல்லாம் இழப்பீர்கள்? “அதான் எல்லாம் கிளவுட்ல இருக்கே, எங்கே போகப்போகுது?” என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கணக்கில் இடம் நிறைந்துவிட்டதாகக் கைப்பேசியில் எச்சரிக்கை வந்தது. பெரிய கோப்புகள் இணைந்திருந்த பழைய அஞ்சல்களை மளமளவென்று அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். ‘கைப்பேசியில்தானே அழிக்கிறோம், மடிக்கணினியில் இருக்கும்’ என்பது என் நினைப்பு. ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து, என் மாணவி ஒருத்தியின் இடுபணி இணையத்திலிருந்து எடுக்கப்பட்டதோ என்ற சந்தேகம் எழுந்தது. “டீச்சர், முதல் வரைவையே உங்களுக்கு அனுப்பினேனே, நீங்க திருத்திக் கொடுத்தீங்களே” என்றாள். உண்மைதான். மூன்று வரைவுகள், ஒவ்வொன்றும் தேதியோடு வந்திருந்தன. மடிக்கணினியைத் திறந்து தேடினேன். ஒன்றுகூட இல்லை.

அவளுக்குச் சொந்தக் கணக்கு இல்லாததால் அக்காவின் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தாள். நல்லவேளை, அந்தக் கணக்கின் ‘அனுப்பியவை’ பெட்டியில் மூன்றும் இருந்தன. மாணவி தப்பித்தாள். ஆனால் அவளைக் காப்பாற்றியது என் கவனம் அல்ல, அதிர்ஷ்டம். அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

ஒத்திசைவு வேறு, காப்புநகல் வேறு

நம் கைப்பேசியும் மடிக்கணினியும் பெரும்பாலும் ஒரே அஞ்சல் பெட்டியைத்தான் காட்டுகின்றன. அஞ்சல்கள் சேவையகத்தில் இருக்கின்றன. ஐமேப் போன்ற முறைகள் எல்லாக் கருவிகளிலும் ஒரே நிலையைக் காட்டுகின்றன. இதற்குப் பெயர் ஒத்திசைவு. இது கண்ணாடி மாதிரி. நெற்றிப் பொட்டை அழித்தால் கண்ணாடியில் தெரியும் பொட்டும் போய்விடும். காப்புநகல் என்பது புகைப்படம் மாதிரி. நீங்கள் பொட்டை அழித்தாலும் படத்தில் அது அப்படியே இருக்கும்.

பெரிய நிறுவனத்துக்கும் இது பொருந்தும். 2011 பிப்ரவரி இறுதியில், சேமிப்பு மென்பொருளில் செய்த ஒரு புதுப்பித்தலில் இருந்த பிழையால் ஜிமெயில் பயனர்களில் ஏறக்குறைய 0.02 விழுக்காட்டினர் தங்கள் பெட்டி காலியாகிக் கிடப்பதைக் கண்டார்கள். கூகுள் அந்த அஞ்சல்களைப் பல இடங்களில் நகலெடுத்து வைத்திருந்தது. ஆனாலும் ஒரே பிழை பல நகல்களையும் பாதித்துவிட்டது. கடைசியில் கைகொடுத்தவை காந்த நாடாக்கள். அவை இணைப்பிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்ததால் பிழை அவற்றைத் தொடவில்லை. ஆக, நகல் எத்தனை என்பதைவிட, அது தனியாக இருக்கிறதா என்பதே முக்கியம்.

அழித்ததை மீட்க எத்தனை நாள்?

ஜிமெயிலில் அழித்த அஞ்சல் 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அதற்குள் நீங்களே மீட்டுக்கொள்ளலாம். பள்ளி, அலுவலகங்களுக்கான கூகுள் கணக்கு என்றால், நிரந்தரமாக அழிந்த நாளிலிருந்து மேலும் 25 நாளுக்குள் கணக்கின் நிர்வாகி அதை மீட்க முடியும். நான் குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டதால் எனக்குக் கிடைத்தது 25 நாள் மட்டும். ஆறு வாரம் கழித்துப் போய் நின்றால் யாரால் என்ன செய்ய முடியும்?

மைக்ரோசாப்ட் 365 பயன்படுத்தும் அலுவலகங்களில், நிரந்தரமாக அழித்த அஞ்சல் வழக்கமாக 14 நாள் மீட்கக்கூடிய நிலையில் இருக்கும். நிர்வாகி விரும்பினால் அதை 30 நாள் வரை நீட்டலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பணியாளர் விலகியதும் நிர்வாகி அவருடைய கணக்கையே நீக்கிவிடலாம். அப்படி நீக்கிய கணக்கை மீட்கக் கூகுளில் 20 நாள், மைக்ரோசாப்டில் 30 நாள் அவகாசம் உண்டு. எனவே மாற்றலாகிப் போகும் ஆசிரியர்களும் படிப்பை முடிக்கும் மாணவர்களும் கணக்கு மூடப்படுவதற்கு முன்பே தங்களுக்குரியதை எடுத்து வைக்க வேண்டும். மலேசியாவில் நாம் டெலிமா கணக்கைப் பயன்படுத்துகிறோம். சிக்கல் வந்தால் யாரிடம் கேட்பது என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள்.

அலுவலகங்கள் எப்படிச் செய்கின்றன?

மூன்று வகை நகல்கள் உண்டு.

1. முழு நகல்: எல்லா அஞ்சல்களையும் ஒருசேர எடுப்பது. நேரமும் இடமும் அதிகம் தேவை.
2. கூடுதல் நகல்: கடைசியாக எடுத்த நகலுக்குப் பிறகு மாறியவற்றை மட்டும் எடுப்பது. சீக்கிரம் முடியும். ஆனால் மீட்கும்போது முழு நகலும் அதன்பின் வந்த ஒவ்வொரு கூடுதல் நகலும் வரிசையாக வேண்டும். நடுவில் ஒன்று கெட்டாலும் சங்கிலி அறுந்துவிடும்.
3. வேறுபாட்டு நகல்: கடைசி முழு நகலுக்குப் பிறகு மாறிய அனைத்தையும் எடுப்பது. மீட்க முழு நகலும் கடைசி வேறுபாட்டு நகலும் போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? இரண்டு கேள்விகள் அதை முடிவு செய்யும். எவ்வளவு நேரத்து அஞ்சலை இழந்தால் தாங்க முடியும்? எவ்வளவு நேரம் அஞ்சல் இல்லாமல் காத்திருக்க முடியும்?

நாம் என்ன செய்யலாம்?

‘3-2-1’ என்ற எளிய விதியை நினைவில் வையுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். எடுத்துக்காட்டாக, அஞ்சல் பெட்டியில் ஒன்று, வீட்டு மடிக்கணினியில் ஒன்று, பள்ளியில் பூட்டிய அலமாரியில் உள்ள வெளி வன்தட்டில் ஒன்று.

ஜிமெயில் கணக்கு என்றால் ‘கூகுள் டேக்அவுட்’ பக்கத்துக்குச் செல்லுங்கள். எல்லாத் தேர்வுகளையும் நீக்கிவிட்டு அஞ்சலை மட்டும் தேர்ந்தெடுங்கள். நகல் தயாரானதும் பதிவிறக்க இணைப்பு வரும். அது சுமார் ஒரு வாரத்தில் காலாவதியாகும், தள்ளிப்போடாதீர்கள். சில கணக்குகளில் நிர்வாகி இந்த வசதியை மூடியிருக்கலாம். அப்போது முக்கியமான அஞ்சல்களை மட்டும் பிடிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள். இணைப்புகளைத் தனியே பதிவிறக்குங்கள். கணினியில் நிறுவிய பழைய வகை அவுட்லுக் என்றால், ‘ஏற்றுமதி’ வழியாக ‘பிஎஸ்டி’ கோப்பாக எடுக்கலாம்.

இந்த நகல்களில் மாணவர்களின் பெயர், மதிப்பெண், பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். ஆகவே கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். பென்டிரைவில் போட்டு ஆசிரியர் அறை மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மீட்டுப் பார்த்தால்தான் நகல்

பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். நகல் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்கள். தேவைப்படும் நாளில் திறந்தால் கோப்பு திறக்காது, அல்லது கடவுச்சொல் மறந்துபோயிருக்கும். டேக்அவுட் தரும் ‘எம்பாக்ஸ்’ கோப்பை ஜிமெயிலுக்குள் அப்படியே திரும்பப் போட முடியாது. தண்டர்பேர்ட் என்ற இலவசச் செயலியில், அதற்குரிய நீட்சியைச் சேர்த்துத் திறந்து படிக்கலாம். இதை அவசரத்தின்போது கற்றுக்கொள்ள முடியுமா?

எனவே தவணைக்கு ஒருமுறை இப்படிச் செய்யுங்கள். நகலைத் திறங்கள். குறிப்பிட்ட ஒரு பழைய அஞ்சலைத் தேடுங்கள். அதன் இணைப்பு திறக்கிறதா, தேதி சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலைதான். மார்ச் 31 உலகக் காப்புநகல் நாள். அந்த நாளை முதல் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாணவர்களே, நீங்களும் இடுபணி வரைவுகளை ஆசிரியருக்கு அனுப்பியதோடு மறந்துவிடாதீர்கள். முதல் வரைவு, திருத்திய வரைவு, இறுதி வரைவு ஆகிய மூன்றையும் தனித்தனிக் கோப்பாக வைத்திருங்கள். உங்கள் உழைப்புக்கு அவைதாம் சாட்சி.

பயிற்சி

ஓர் அலுவலகம் ஞாயிறு இரவு முழு நகலும், திங்கள் முதல் சனி வரை ஒவ்வோர் இரவும் கூடுதல் நகலும் எடுக்கிறது. வியாழன் நண்பகலில் சேவையகம் பழுதாகிறது. மீட்க எந்தெந்த நகல்கள் தேவை? எதை மீட்க முடியாது?

விடை: ஞாயிறு முழு நகலும் திங்கள், செவ்வாய், புதன் கூடுதல் நகல்களும் தேவை. புதன் இரவு நகலுக்குப் பிறகு, வியாழன் நண்பகல் வரை வந்த அஞ்சல்களை மீட்க முடியாது. கூடுதல் நகலுக்குப் பதில் வேறுபாட்டு நகல் எடுத்திருந்தால், ஞாயிறு நகலும் புதன் நகலும் மட்டுமே போதும்.