உங்களுக்குத் தெரியுமா? சித்திரை விடுமுறையும் நம்மூர் நூலகமும்

ஏப்ரல் மாதம் புத்தகங்களுக்கு நெருங்கிய மாதம். ஏப்ரல் 2 சர்வதேச சிறுவர் நூல் தினம். டென்மார்க்கின் கதைசொல்லி ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் பிறந்த நாள் அது. 1967 முதல் கொண்டாடப்பட்டு வருகிறது. ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம். 1995இல் யுனெஸ்கோ தீர்மானித்தது. நமது தேசிய நூலகம் கொழும்பில் திறக்கப்பட்டதும் ஓர் ஏப்ரலில்தான்: 1990 ஏப்ரல் 27. இலங்கையில் தேசிய வாசிப்பு மாதம் ஒக்டோபர் என்பதால் பாடசாலைகளும் நூலகங்களும் தங்கள் நிகழ்ச்சிகளை அந்த மாதத்திலேயே வைக்கின்றன. ஆனால் ஒக்டோபரில் நம் பக்கம் மாரி தொடங்கிவிடும், பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கிவிடும். சித்திரையில் வானம் வெளித்து, பெரும்போக வெள்ளாமை வீடு வந்து, வெயில் மட்டும் ஏறி நிற்கும். நடுப்பகலில் பிள்ளைகள் போய் இருக்க நிழலான ஓர் இடம் வேண்டிய காலம் இது.

●

கல்முனையில் ஒரே தெருவில் இரண்டு விதமான விடுமுறைகள் உண்டு. தமிழ்ப் பாடசாலைகள் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மூடும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் நீண்ட விடுமுறை. பிறை ஆண்டு சூரிய ஆண்டை விட ஏறத்தாழ 11 நாள் குறைவு. அதனால் நோன்பு விடுமுறை ஒவ்வொரு வருடமும் முன்னே நகர்ந்து, ஏறக்குறைய 33 வருடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வரும். பாண்டிருப்புப் பிள்ளைக்கு லீவு வரும்போது மருதமுனைப் பிள்ளைக்குப் பாடசாலை நடக்கலாம். இரு தரப்புப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரக்கூடிய பொது இடங்கள் நம்மூரில் அதிகம் இல்லை. நூலகம் அப்படியான ஓர் இடம். இரண்டு விடுமுறைக்கும் தனித்தனியே நிகழ்ச்சி போட்டுவிட்டு, கடைசி நாளை மட்டும் பொதுவாக வைத்தால்கூடப் போதும்.

●

பொது நூலகம் வயது பார்க்காமல் எல்லோருக்கும் சேவை செய்ய வேண்டும் என்று யுனெஸ்கோவின் பொது நூலகப் பிரகடனம் சொல்கிறது. 1949இல் முதலில் வந்து, 1972, 1994, 2022 என மூன்று முறை புதுப்பிக்கப்பட்ட பிரகடனம் அது. நம் வாசிகசாலைகளில் சாதாரண தரம், உயர் தரம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலையில் பத்திரிகை பார்க்க வரும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தையோடு ஓர் உம்மா, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் உம்மம்மா வருவது அரிது. அவர்கள் வந்து இருப்பதற்கென்று ஒரு பாயும் ஒரு நேரமும் ஒதுக்கினால் வருவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

●

புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டாகக் கொடுக்கலாம். அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பகுப்பு முறை அது. உலக அறிவு முழுவதையும் 000 முதல் 999 வரை பிரித்து வைத்திருக்கிறது. நம் ஊரே அதற்குள் இருக்கிறது: வட்டையில் விளையும் நெல் 633.18. மருதமுனைத் தறியில் நெய்யும் துணி 677. கடலுக்குப் போகிறவர்களின் மீன்பிடி 639.2. வளவிலுள்ள தென்னை 634.61. மாலையில் கடற்கரையில் ஆடும் கிரிக்கெட் 796.358. உம்மா சமைக்கும் சோறும் கறியும் 641.5. இஸ்லாம் 297. தமிழ் இலக்கியம் 894.811. கடலைப் பற்றிய படிப்பு 551.46, 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கடல் ஏன் அப்படி எழுந்து வந்தது என்று கேட்கும் பிள்ளையை அந்தத் தட்டுக்கு அழைத்துப் போகலாம்.

ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஆறு எண்களை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு எண்ணிலும் ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்து, அதில் தங்கள் ஊரோடு பொருந்துகிற ஒரு செய்தியை எழுதி வர வேண்டும். யாரும் எதையும் மனப்பாடம் செய்யாமலே அலுமாரிகளின் ஒழுங்கு பிடிபட்டுவிடும்.

●

கணக்குப் பிடித்த பிள்ளைக்கு இன்னொன்று. புத்தகத்தின் பின்னட்டையில் 13 இலக்கச் சர்வதேச எண் இருக்கும். அதில் 978ஐ அடுத்து 955 அல்லது 624 வந்தால் அது இலங்கையில் பதிந்த நூல். முதல் இலக்கத்தை 1ஆல், இரண்டாவதை 3ஆல், மூன்றாவதை மறுபடி 1ஆல் என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போங்கள். 13 இலக்கமும் முடியும்போது வரும் தொகை 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் எண்ணில் எங்கோ பிழை. 978, 955 என்ற முதல் ஆறு இலக்கங்களும் சேர்ந்து 85 தரும். 978, 624 என்றால் 70. அதை மனத்தில் வைத்துக்கொண்டால் மிச்சம் ஏழு இலக்கம்தான். கையில் கிடைக்கும் எந்த உள்ளூர் நூலிலும் சோதித்துப் பார்க்கலாம்.

●

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களை நிந்தவூர் எழுத்தாளர் எஸ். முத்துமீரான் வருடக்கணக்காகத் திரட்டி நூலாக்கினார். சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் தொகுத்த 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' 2013இல் சென்னையில் க்ரியா வெளியீடாக வந்தது. அதுவும் இந்த மண்ணின் நாட்டார் பாடல்களின் தொகுப்பே. வெளிநாட்டு நூலகங்களில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் பாடும் நேரம் ஒன்று வாராவாரம் நடக்கிறது. நமக்கு அதற்கான பாட்டு அலுமாரியிலும் இருக்கிறது, உம்மம்மாமாரின் வாயிலும் இருக்கிறது. இங்கிலிஷ் ரைம்ஸ் இறுவட்டைத் தேடுவதற்கு முன்னால் இதைத் தொடங்க வேண்டும்.

நொடி போடுகிற மூத்தம்மாமார் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். ஒரு பின்னேரம் அவர்களை அழைத்தால் பாயில் இடம் பற்றாது.

●

மனிதரையே புத்தகமாக இரவல் தரும் நூலகமும் உண்டு. 2000ஆம் ஆண்டு டென்மார்க்கில் ரோஸ்கில்டே விழாவில் தொடங்கி, பிறகு பல நாடுகளுக்குப் பரவிய 'மனித நூலகம்' அது. வாசகர் ஒரு மனிதரைத் தெரிந்தெடுப்பார். குறித்த நேரம் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார். அவர் தன் வாழ்க்கையைச் சொல்வார். அவ்வளவுதான்.

நம் கரைக்கு இது மிகவும் பொருந்தும். 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பு, அம்பாறைக் கரையைப் புரட்டிப் போட்ட இரவை நேரில் கண்டவர்களில் பலர் இன்று அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள். தென்னந்தோப்புகள் வரிசையாகச் சாய்ந்ததையும், கூரை போன வீட்டில் விடிய விடிய இருந்ததையும் அவர்கள் சொல்லக் கேட்க வேண்டும். சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். இன்று பாடசாலையில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். மையவாடிக்குப் போய்ச் சலாம் சொல்லி வருகிறார்கள். என்ன நடந்தது என்று விரிவாகக் கேட்க அவர்களுக்குச் சந்தர்ப்பம் கிடைப்பதில்லை. துயரத்தைச் சொல்ல விரும்பாதவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. சொல்ல விரும்புகிறவர்களுக்கு ஒரு கதிரையும் ஒரு கேட்கும் காதும் தர நூலகத்தால் முடியும்.

கரவலை இழுத்தவர், தறியில் ஆயுள் கழித்த நெசவாளர், போடியாருக்கு வட்டைக் காவல் இருந்தவர், பொல்லடி அண்ணாவியார் என்று இந்த நூலகத்தின் பட்டியல் நீளும். கேட்டதைப் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் அதுவே அடுத்த வருடம் அலுமாரியில் ஏறும் ஒரு நூல்.

●

1931 ஒக்டோபரில் தமிழ்நாட்டின் மன்னார்குடி அருகே ஒரு மாட்டுவண்டி புத்தகங்களோடு கிராமம் கிராமமாகப் புறப்பட்டது. பொறியியலாளர் கனகசபைப் பிள்ளை ஏற்பாடு செய்த அந்த நடமாடும் நூலகத்தைத் தொடக்கி வைத்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில். நம் ஊர்களில் ஓர் ஆட்டோ போதும்.

●

புத்தகம் போலவே விளையாட்டுச் சாமானையும் இரவல் தரும் சேவை 1935இல் லொஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது. பொருளாதார மந்தம் பிடித்த காலம். வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்காக ஏற்படுத்தப்பட்டது. கெரம் பலகை, சதுரங்கம், உலக வரைபடப் புதிர் என்று பத்துச் சாமான் இருந்தால் இங்கும் தொடங்கலாம்.

●

இலங்கையின் முதல் தமிழ் நாவல் ஒரு முஸ்லிம் அறிஞர் எழுதியது: கண்டி சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய சரித்திரம்', 1885. எகிப்தியச் சிறுவன் ஒருவனின் சாகசக் கதை. பழைய நடை என்பதால் தனியே வாசிக்கப் பிள்ளைகள் தயங்குவார்கள். நல்ல குரலுள்ள ஓர் ஆசிரியர் நாளுக்கு ஓர் அத்தியாயமாக உரக்க வாசித்தால் வாப்பாமாரும் வந்து உட்காருவார்கள். நோன்பு நாளில் அசருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் இதற்கு ஏற்றது.

●

1969, 70இல் கல்முனையிலிருந்து 'கவிஞன்' என்ற சிற்றிதழ் வெளிவந்தது. கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான் அதன் பின்னால் இருந்தார். இங்கு இயங்கிய வாசகர் சங்கம் 1970இல் மஹாகவியின் பா நாடகமான 'கோடை'யை நூலாக்கியது. அளவெட்டிக் கவிஞர் எழுதிய, நாதஸ்வரக் கலைஞர் குடும்பம் ஒன்றின் கதையை, கல்முனையில் இருந்த வாசகர்கள் அச்சில் கொண்டுவந்தார்கள். அந்த ஊரின் நூலகத்தில் சித்திரை மாதத்தில் இளைஞர்கள் வட்டமாக உட்கார்ந்து 'கோடை'யைப் பாத்திரம் பிரித்து வாசிப்பதை விடப் பொருத்தமான நிகழ்ச்சியை என்னால் நினைக்க முடியவில்லை. மேடையும் வேடமும் தேவையில்லை. பிரதிகள் நாலைந்து இருந்தால் சரி.

பக்கத்தில் ஓர் உள்ளூர் எழுத்தாளர் தட்டும் வையுங்கள். பெரியநீலாவணை நீலாவணன், மருதமுனைப் புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன், மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி, 'நானும் ஒரு பூனை' தந்த சோலைக்கிளி, 1892 மார்ச் 27இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர்: நடக்கும் தூரத்தில் இத்தனை பெயர்கள்.

●

கிழிந்த பக்கத்தில் ஒட்டும் சாதாரண செலோடேப் சில வருடங்களில் மஞ்சளாகி, பசை தாளுக்குள் இறங்கிவிடும். பிறகு அதை எடுக்கவும் முடியாது. பழைய புத்தகம் கட்டுபவர்கள் கோதுமை மாப் பசையையே நம்பினார்கள். தண்ணீர் தொட்டால் இளகும், தாளைக் கெடுக்காது. பூச்சி அண்டாமலிருக்க அதில் துளி மயில்துத்தம் கலப்பார்கள் (நஞ்சு என்பதால் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்க வேண்டாம்). பசையை மெல்லிதாகப் பூசி, மெல்லிய தாள் துண்டை வைத்து, மேலும் கீழும் மெழுகுத்தாள் இட்டு, பாரம் ஏற்றி ஓர் இரவு விட வேண்டும். மாரி ஈரத்தையும் உப்புக் காற்றையும் தின்ற நம்மூர்ப் புத்தகங்களுக்கு இந்த மாதம் வைத்தியம் பார்க்கச் சரியான நேரம். நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். நேர் வெயில் தாளை நொறுக்கும்.

●

சித்திரை தொடங்கி ஆடி வரை குமண வில்லில் நீர்ப்பறவைகள் கூடு கட்டும். 598ஆம் எண் தட்டில் உள்ள பறவை நூல்களை முதல் கிழமை பார்த்துவிட்டு, அடுத்த கிழமை பொத்துவில் வழியே குமணவுக்குப் போகும் பயணத்தைப் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள்.

●

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் ஆவணங்களை இணையத்தில் இலவசமாக வாசிக்கத் தரும் 'நூலகம்' திட்டம் 2005 ஜனவரியில், சுனாமி நடந்து சில வாரங்களில் தொடங்கியது. நம் கரையில் எத்தனையோ வீடுகளின் கடிதங்களும் புகைப்படங்களும் அந்தக் காலையில் கடலோடு போய்விட்டன. தப்பியவை இன்னும் சில அலுமாரி மேலே இருக்கின்றன: பாடசாலை ஆண்டு மலர், சங்க மலர், மீலாத் விழா மலர், திருமண வாழ்த்துப் பா, அரபுத் தமிழ்க் கையெழுத்துப் பிரதி. விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, 'வீட்டிலுள்ள பழைய அச்சுகளைக் கொண்டு வாருங்கள்' என்று அறிவித்தால் மூத்தவாப்பாமார் பைகளோடு வருவார்கள். உயர் தரப் பிள்ளைகள் கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுப்பார்கள். எடுக்கும்போது அட்டையை மட்டும் எடுத்து நிறுத்தாமல் அச்சகத்தின் பெயரும் ஆண்டும் உள்ள உள்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். மூலப் பிரதியை அன்றைக்கே உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.