வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டிங்... முதலில் எதை வாங்கலாம்?

அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி உருவானது, அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில்தான். 2020-ல் அது கிராமியின் 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' விருதையும் வென்றது!

நீங்களும் வீட்டிலேயே பாடிப் பதிவுசெய்யலாம். ஆனால், காசைச் செலவழிக்கும் முன் மொபைலில் ஒரு பாட்டைப் பாடிப் பதிந்து கேளுங்கள். ஃபேன் இரைச்சல், குக்கர் விசில், ஹாரன் சத்தமெல்லாம் கேட்கிறதா? கண்டன்சர் மைக் அவற்றை இன்னும் துல்லியமாகப் பிடிக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு, வாய்க்கு அருகில் வைத்துப் பாடும் டைனமிக் மைக்தான் நல்லது.

தனியாகப் பாட யூ.எஸ்.பி மைக்கே போதும். குரலையும் கிடாரையும் ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பதிய, இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் தேவை. அதில் கண்டன்சர் மைக்கை இணைப்பதென்றால், 48 வோல்ட் ஃபேன்டம் பவர் இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

காதை முழுதாக மூடும் ஹெட்போன் அவசியம். இல்லையென்றால் பின்னணி இசை மைக்கில் கசிந்துவிடும். சாஃப்ட்வேருக்குச் செலவில்லை, ஆடாசிட்டியும் பேண்ட்லேப்பும் இலவசமே.

அறையில் எதிரொலி அடிக்கிறதா? பாடும்போது முதுகுக்குப் பின்னால் தடிமனான போர்வையைத் தொங்கவிடுங்கள். விலை உயர்ந்த மைக்கால் தீராத பிரச்னை, வீட்டுப் போர்வையால் பெருமளவு குறைந்துவிடும்!