தாத்தாவின் கணினியும் காலைப் பெரட்டும்

சுங்கை சிப்புட்டில் தாத்தா வீட்டு வரவேற்பறையின் மூலையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுவது. மாமா வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. போன விடுமுறையில் ஈப்போவிலிருந்து போயிருந்தபோது அதை முடுக்கினேன். உள்ளே 'டக் டக்' என்று ஒரு சத்தம். ஹார்ட் டிஸ்க் அதிக நாள் தாங்காது என்று புரிந்தது.

அதற்குள்தான் பாட்டியின் குரல் இருந்தது. பாட்டி இறப்பதற்கு முன் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிச் சொன்னதை மாமா பதிவு செய்து வைத்திருந்தார். கூடவே லயத்து வீடுகளின் படங்கள். அந்த லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. வேறு எங்கும் பிரதி கிடையாது.

யூஎஸ்பி துளைகள் வேலை செய்யவில்லை. குறுந்தட்டுப் பகுதி திறக்கவே இல்லை. டிஸ்க்கைக் கழற்றி எடுக்கலாம் என்றால் அது பழைய ஐடிஇ வகை. அதற்குரிய இணைப்பி கையில் இல்லை. "அதத் தொறக்காத தம்பி, அப்புறம் மூட முடியாமப் போயிடும்" என்று தாத்தாவும் தடுத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது பின்பக்கத்து வலையமைப்புத் துளை மட்டும்தான். என்னிடம் அக்கா பயன்படுத்திய விண்டோஸ் 7 மடிக்கணினி இருந்தது. இரண்டையும் ரௌட்டரில் இணைத்தால் பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். மாலை வரை இழுத்தது.

முதல் ஒரு மணி நேரம் வீணாகப் போனது. கேபிளைப் பிடுங்கினேன், அமைப்புகளை மாற்றினேன், இரண்டு கணினிகளையும் மீண்டும் மீண்டும் முடுக்கினேன். பார்த்துக்கொண்டிருந்த தாத்தா கேட்டார்: "ஒரு மரத்துல பால் வரலன்னா, கத்தி, வெட்டு, மங்கு எல்லாத்தயும் ஒரே நேரத்துல மாத்துனா எதுல கோளாறுன்னு எப்படித் தெரியும்? ஒன்னொன்னாப் பாரு." முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்வெட்டியவர் சொன்ன அந்த வழியில்தான் மறுபடியும் தொடங்கினேன்.

முதலில் கேபிள்

மடிக்கணினி பக்கம் பச்சை விளக்கு எரிந்தது. பழைய கணினியின் பின்னால் எரியவில்லை. விளக்கு எரியாதவரை எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. மின்குறிப்பே போய்ச் சேரவில்லை என்று பொருள். கேபிள் முனையில் இருந்த பிளாஸ்டிக் கொக்கி உடைந்து, இணைப்பு தளர்ந்திருந்தது. வேறு கேபிளைச் செருகியதும் விளக்கு வந்தது.

அடுத்தது முகவரி

இரண்டு கணினிகளிலும் 'ஐபிகான்ஃபிக்' கட்டளையைத் தட்டிப் பார்த்தேன். மடிக்கணினி 192.168.1.3 என்றது. பழைய கணினி 10.0.0.5 என்றது. எப்போதோ வேறு ஓர் இணைப்புக்காக மாமா கையால் எழுதி வைத்த எண் அது.

தாத்தாவுக்கு இதை இப்படி விளக்கினேன். எங்கள் வீட்டு ரௌட்டரில் முதல் மூன்று எண்கள் லயத்தின் பெயர் மாதிரி. கடைசி எண் வீட்டு எண். ஒரே லயத்தில் இருந்தால் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுக்கலாம். இங்கே இரண்டும் வேறு வேறு லயத்தில் நிற்கின்றன. வீட்டு எண்ணைப் பிரித்துக் கொடுக்கும் கிராணி, ரௌட்டர்தான். 'முகவரியைத் தானாகப் பெறுக' என்று மாற்றியதும் பழைய கணினிக்கு 192.168.1.4 கிடைத்தது.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். 169.254 என்று தொடங்கும் எண்ணைக் கண்டால், கிராணியிடமிருந்து பதில் வராததால் கணினி தனக்குத் தானே எண் வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது மீண்டும் கேபிளையும் ரௌட்டரையும் பாருங்கள்.

பிறகு பெரட்டு

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவர் குரல் கொடுப்பார். கணினியில் அந்த வேலையைச் செய்வது 'பிங்' கட்டளை. 1983-இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் இதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் ஒலியை நினைத்து வைத்த பெயர் அது.

எக்ஸ்பியிலிருந்து மடிக்கணினியைக் கூப்பிட்டேன். நான்கு முறையும் பதில் இல்லை. காரணம், மடிக்கணினி எங்கள் வீட்டு இணைப்பைப் 'பொது இடம்' என்று பதிந்திருந்தது. கடையிலோ விமான நிலையத்திலோ இருப்பதாக நினைத்து, அதன் தடுப்புச்சுவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. 'வீடு' என்று மாற்றியதும் நான்கு பதில்களும் வந்தன.

1969 அக்டோபர் 29 அன்று கலிபோர்னியாவில் இரண்டு கணினிகளை இணைத்து 'லாகின்' என்ற சொல்லை அனுப்ப முயன்றார்கள். இரண்டு எழுத்துகள் போனதும் மறுமுனைக் கணினி நின்றுவிட்டது. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் அப்படித்தான் பிறந்தது. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் ஈப்போவில் தொடங்கப்பட்டதும் அதே 1969-இல்தான்.

கடைசியில் கதவு

மடிக்கணினியில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்தேன். எக்ஸ்பியில் அதைத் திறந்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. அக்காவின் கணக்கில் கடவுச்சொல்லே இல்லை. கடவுச்சொல் இல்லாத கணக்கை வலையமைப்பு வழியாக நுழைய விண்டோஸ் அனுமதிப்பதில்லை. தற்காலிகமாகக் கடவுச்சொல்லோடு புதிய கணக்கு ஒன்றை உருவாக்கினேன். கதவு திறந்தது.

முதலில் குரல் பதிவுகளை நகலெடுத்தேன். டிஸ்க் பாதியில் நின்றாலும் அவை தப்ப வேண்டும். பிறகு படங்கள், ஏறக்குறைய 4 கிகாபைட். பழைய வலையமைப்பு அட்டையின் வேகம் வினாடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட். கணக்குப்படி ஐந்தரை நிமிடம்தான். டிஸ்க் தடுமாறியதால் அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் தாத்தா நாற்காலியை விட்டு எழவில்லை.

ஓர் எச்சரிக்கை. வேலையைத் தொடங்குமுன்பே, வெளியிலிருந்து ரௌட்டருக்கு வரும் இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்துவிட்டது. 2017 மே மாதம் உலகையே கலங்கடித்த வான்னாகிரை தீநிரல், விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டையின் வழியாகத்தான் பரவியது. இப்படிப்பட்ட கணினிகளை இணையத்தில் விடாதீர்கள். வேலை முடிந்ததும் பகிர்வை நிறுத்தி, தற்காலிகக் கணக்கை நீக்கிவிட்டேன். இப்போது பதிவுகள் மடிக்கணினியிலும், ஒரு விரலியிலும், மாமாவின் கணினியிலும் இருக்கின்றன.

உங்கள் தாத்தா பாட்டி வீட்டிலும் இப்படி ஒரு கணினி தூசி படிந்து கிடக்கலாம். அடுத்த முறை போகும்போது ஒரு கேபிளை எடுத்துச் செல்லுங்கள். அதை முடுக்கி, முதலில் சத்தத்தைக் கேளுங்கள்.

அன்று இரவு பாட்டியின் குரலை ஓடவிட்டேன். விடியற்காலைப் பெரட்டு, மழை நாளில் வீணாகிப்போன பால், ஏழாம் நம்பர் வீட்டில் நடந்த கல்யாணம் என்று பாட்டி சொல்லிக்கொண்டே போனார்.

தாத்தா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "ஏழாம் நம்பர் இல்ல, ஒம்போது" என்று பாட்டியைத் திருத்தினார்.