வளையம் அறுந்தால்

தர்மபுரியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் வத்தல்மலை. அந்தச் சாலையோரம் ஒரு ஃபைபர் கேபிள் போவதாக வைத்துக்கொள்வோம். அடைமழையில் மண் சரியலாம், ஜேசிபி இழுத்துவிடலாம். ஒற்றைக் கேபிள் என்றால் அன்றைக்கு மேலே ரேஷன் கடை மெஷின்கூட ஓடாது. அதனால்தான் ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாகப் போகும்படி கேபிளை வளையமாகப் போடுகிறார்கள். 2023 ஆகஸ்டில் மத்திய அரசு ஒப்புதல் தந்த திருத்திய பாரத்நெட் திட்டமும் ஒன்றியத்தையும் ஊராட்சிகளையும் வளையமாகவே இணைக்கச் சொல்கிறது.

ஆனால் இந்தக் கேபிள்களில் செய்தியைக் கொண்டுபோகும் ஈதர்நெட் முறைக்கு வளையம் ஆகாது. எல்லோருக்கும் போகவேண்டிய செய்தி ஒன்று உள்ளே நுழைந்தால் நிற்காமல் சுற்றும், நகல் பெருகும், நெட்வொர்க்கே திணறிவிடும். 1985இல் ரேடியா பெர்ல்மன் இதற்கு வழி கண்டார். கேபிள்கள் சேருமிடத்தில் செய்தியை வழியனுப்பும் சுவிட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஓர் இணைப்பை மூடிவைக்கும். வேறெங்காவது அறுந்தால் அதைத் திறக்கும். இதுதான் ஸ்பானிங் ட்ரீ. அருமையான யோசனை, ஆனால் ரொம்ப நிதானம். பழைய தகவல் காலாவதியாக 20 நொடி, கவனிக்க 15, கற்றுக்கொள்ள இன்னொரு 15. ஐம்பது நொடி மௌனமாக இருந்தால் போனில் பேசுபவர் வைத்துவிட்டுப் போய்விடுவார். 2001இல் வந்த வேகமான வடிவம் இதை வெகுவாகக் குறைத்தது.

2008இல் வெளியான ஜி.8032 நெறிமுறை வளையத்துக்கென்றே எழுதப்பட்டது. 50 மில்லிநொடிக்குள், அதாவது நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள், பாதை மாறவேண்டும் என்பது இலக்கு. யோசிக்க நேரமில்லை, எந்த இணைப்பைத் திறப்பது என்பது முன்பே தீர்மானமாகியிருக்கும். அறுந்ததைக் கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம். ஒளி நின்றால் சுவிட்சுக்கு உடனே தெரியும். இடையில் வேறொரு கருவி இருந்தால் ஒளி நிற்காது, செய்தி மட்டும் தொலையும். அதற்காக அண்டை சுவிட்சுகள் 3.33 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒன்றுக்கொன்று குரல் கொடுத்துக்கொள்ளும். மூன்று தடவை குரல் வராவிட்டால் அறுந்தது என்றே கணக்கு.

திரும்பி வருவதில் அவசரமே கிடையாது. கேபிள் ஒட்டியதும் பழைய பாதைக்குப் பாய்ந்தால், ஒட்டு சரியில்லாதபோது இங்குமங்கும் தாவிக்கொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக ஐந்து நிமிடம் பொறுக்கும். எனக்கு இந்தப் பொறுமைதான் அந்த வேகத்தைவிடப் பிடித்தது.

எந்த நெறிமுறைக்கும் எட்டாதது ஒன்று உண்டு: பள்ளம். வளையத்தின் இரு கையும் ஒரே சாலையோரப் பள்ளத்தில் கிடந்தால், ஒரே மண்சரிவில் இரண்டும் போகும். உங்கள் ஊருக்கு வளையம் வருகிறது என்றால் எத்தனை மில்லிநொடி என்று கேட்பதற்கு முன், இரண்டாவது கேபிள் எந்த வழியாக வருகிறது என்று கேளுங்கள்.