எண்ணெய் கசிவது ஏன்?

தமிழகத்தை விட்டு வேற்று மாநிலங்களிலும் தீவுகளிலும் குடியேறி வாழும் நம்மவரில் பலர் யந்திரங்களை நம்பிப் பிழைப்பவர்கள். டிராக்டர், மண் வாரும் யந்திரம், விளையாட்டுத் திடலின் புல்வெட்டி ஆகிய பலவற்றிலும் இன்று எண்ணெயின் அழுத்தமே வேலை செய்கிறது. அந்த எண்ணெயை அடக்கி வைத்திருப்பது ஆயில் சீல் என்னும் சிறிய ரப்பர் வளையம். எண்ணெய் கசிந்தால் வளையத்தை மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று கருதுவது வழக்கமாக இருக்கிறது. சில நாளில் புதிய வளையமும் கசியும். இது ஏன் நேர்கிறது என்பதை, உருளைப் புல்வெட்டியின் ஹைட்ராலிக் மோட்டாரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

உருளைப் புல்வெட்டியை 1830-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர் அமைத்தார். கம்பளித் துணியின் மேலுள்ள பிசிறுகளைக் கத்தரிக்கும் ஆலை யந்திரமே அவருக்கு வழிகாட்டியது. முறுக்கி வளைத்த கத்திகள் பூண்ட உருளை சுழல, கீழே அசையாமல் நிற்கும் கத்தியோடு சேர்ந்து, கத்தரிக்கோல் போலப் புல்லை நறுக்குகிறது. கோல்ப் மைதானங்களில் ஓடும் பெரிய யந்திரங்கள் பலவற்றில் ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனியே ஓர் எண்ணெய் மோட்டார் உண்டு.

அம்மோட்டாரின் உட்புறம் மிக எளிமையானது. ஒன்றோடொன்று பற்களால் பிணைந்த இரண்டு கியர்கள் ஒரு கூட்டுக்குள் இருக்கின்றன. பம்பிலிருந்து மிகுந்த அழுத்தத்தோடு வரும் எண்ணெய், பற்களைத் தள்ளிக்கொண்டு கூட்டின் ஓரமாகச் சுற்றி மறுபுறம் வெளியேறுகிறது. பற்கள் நடுவில் கோத்திருப்பதால் அது குறுக்கு வழியில் செல்ல முடியாது. சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோகிராமுக்கு மேற்பட்ட அழுத்தம் அங்கே சாதாரணமாக நிலவும்.

ஆனால் தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல் இவ்வழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. பொதுவகை சீல்கள் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோகிராம் அளவிலேயே தளரத் தொடங்கும். அப்படியானால் அது எவ்வாறு பிழைத்திருக்கிறது? கியர்களின் பக்கவாட்டில் உள்ள தகடுகள் பெரும் அழுத்தத்தைத் தடுத்துவிடுகின்றன. அவற்றைக் கடந்து சிறிதளவே நழுவி வரும் எண்ணெய் பேரிங்குகளுக்கு வழுவழுப்பூட்டி, தனியான ஒரு மெல்லிய குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. ஆங்கிலக் கையேடுகளில் இதற்கு 'கேஸ் டிரெயின்' என்று பெயர். டிரெயின் என்ற சொல்லைக் கண்டு, இது கழிவுக் குழாய்தானே என எண்ணி யாரேனும் அதை அடைத்துவிட்டால் விபரீதம் நேரும். போக்கிடமற்ற எண்ணெய் சீலின் பின்னே அழுத்தமாகச் சேர்ந்து அதைப் பிதுக்கித் தள்ளிவிடும். கையேட்டிலுள்ள சொல்லின் பொருளை ஐயமறத் தெரிந்துகொள்வதும் பழுதுபார்ப்பின் ஒரு பகுதியே. இக்குழாய் நசுங்கியோ, அழுக்கேறியோ இருப்பது முதற் காரணம்.

இரண்டாவது, பேரிங் தேய்ந்து தண்டு ஆடுதல். தண்டு ஆடினால் சீலின் உதடு அதைப் பின்தொடர முடியாமல் இடைவெளி விடும். மூன்றாவது, உதடு உரசும் இடத்தில் துருவோ பள்ளமோ விழுதல். நான்காவது காரணம் மோட்டாருக்கு வெளியிலேயே இருக்கக்கூடும். உருளையின் பேரிங் இறுகியிருந்தாலும், நிலைக்கத்தி அளவுக்கு மிஞ்சி நெருக்கி வைக்கப்பட்டிருந்தாலும் மோட்டார் திணறும், எண்ணெய் சூடேறும், ரப்பர் கெட்டிப்பட்டு வெடிக்கும்.

ஆகவே முதலில் மோட்டாரை நன்றாகத் துடைத்து உலர்த்திச் சற்று நேரம் ஓட்டி, எண்ணெய் தண்டருகே வருகிறதா, ஹோஸ் இணைப்பில் வருகிறதா என்று தள்ளி நின்று கவனிக்க வேண்டும். கசிவைக் கையால் தடவித் தேடலாகாது. ஊசித்துளை வழியே பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே முள் குத்தியது போன்ற அடையாளமே தெரியும். வலியும் முதலில் குறைவாகவே இருக்கலாம். ஆயினும் சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்ப்பதே முறை.

பிரிப்பதற்கு முன் வெட்டும் பகுதிகளைத் தரையில் இறக்கி, எஞ்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, எண்ணெய் ஆறும்வரை காத்திருந்து, எஞ்சிய அழுத்தத்தையும் போக்க வேண்டும். மோட்டாரைக் கழற்றியதும் அதன் மேல் குறுக்காக ஒரு கோடு இட்டுக்கொண்டால், பாகங்களைப் பழைய நிலையிலேயே பூட்ட அது துணைசெய்யும். பக்கத் தகடுகளும் அவற்றின் பின்னுள்ள '3' வடிவ ரப்பர்களும் எப்புறம் நோக்கி இருந்தன என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தால், தட்டுப்படும் பள்ளம் உண்டெனில் அத்தண்டு புதிய சீலையும் தின்றுவிடும் என்று அறியலாம். கூட்டினுள் ஆழமான கீறல்கள் இருந்தால், ரப்பர்களை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

நூல் பிரியாத துணியால் துடைத்து, ரப்பர்கள் அனைத்தையும் புதிதாக இட்டு, எண்ணெய் தடவிப் பூட்ட வேண்டும். தண்டின் காடிகள் சீலின் உதட்டைக் கிழிக்காதபடி மெல்லிய நாடாவைச் சுற்றிக்கொள்வது நல்லது. போல்ட்டுகளைக் கையேடு கூறும் அளவுக்கு எதிரெதிராக முடுக்கிய பின், தண்டு கையால் தடங்கலின்றிச் சுழல வேண்டும். பிறகு மோட்டாருக்குள் தூய எண்ணெயை ஊற்றி, முதலில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அந்தமானில் குட்வில் எஸ்டேட் போன்ற இடங்களில் வாழும் நமக்கு இந்த நிதானம் மிகவும் தேவை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழையும் உப்புக் காற்றும் தண்டுகளை விரைவில் துருப்பிடிக்கச் செய்கின்றன. உதிரிப் பாகமோ சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேருக்கு வந்து சேர வேண்டும். வளையத்தை மட்டும் மாற்றி, அது மறுபடியும் கசிந்தால், அடுத்த கப்பல்வரை யந்திரம் சும்மா நிற்கும். புல் நிற்காது. சூடான எண்ணெய் கொட்டிய தடத்தில் புல் கருகிக் கிடப்பதையும் நாம் காண நேரிடும்.

பல்லாண்டுகளுக்கு முன் இதே சிக்கல் வேறோர் உருவில் தோன்றியது. 1795-இல் ஜோசப் பிராமா நீரழுத்த யந்திரத்துக்கு உரிமை பெற்றபோது, தண்டைச் சுற்றி நீர் கசிந்தது. நீரின் அழுத்தமே தண்டோடு நெருக்கிப் பிடிக்கும் தோல் வளையம் அதற்குத் தீர்வாயிற்று. அவரிடம் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லே அதை அமைத்தார் என்பர். நீர் எவ்விடத்தில், எவ்விசையால் வெளியேறுகிறது என்று முதலில் கண்டதனாலேயே அத்தீர்வு பிறந்தது. நம் பட்டறையிலும் ஸ்பானரை எடுக்கும் முன் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வோமாக.