துணைக்கு ஓர் எஞ்சின்

குப்பம் என்ற சொல்லைக் கேட்டதும் அலையும் வலையும் கருவாட்டு மணமும் நினைவுக்கு வருவது இயல்பு. நம் மந்தாரக்குப்பத்திலோ சுரங்க இயந்திரங்களின் ஓசையன்றி அலையோசை கேட்பதில்லை. கடல் இங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கடலூரில் இருக்கிறது. எனினும் தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் பெண் கொடுத்த, பெண் எடுத்த குடும்பங்கள் நம் பக்கத்தில் இல்லாமல் இல்லை. ஓய்வு பெறும்போது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியை மைத்துனரின் படகுக்குக் கொடுக்க நினைப்பவர், வலைக்கு முன்பாக ஒரு துணை எஞ்சினைப் பற்றி எண்ணிப் பார்ப்பது நல்லது.

துணை என்பதன் பொருளை நெய்வேலி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்துடன் நிற்கிறது. அதனை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்து வந்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் உடையாமல் இருக்கும். ஒரு பம்பு நின்றால் மற்றொரு பம்பு ஓட வேண்டும். இரண்டும் ஒரே கம்பியிலிருந்து மின்சாரம் பெற்றால், அந்தக் கம்பி அறுந்த நேரத்தில் இரண்டாவது பம்பு இருந்து என்ன பயன்? படகிலும் இதே நியாயம்தான்.

பழைய கட்டுமரத்தில் பாயும் துடுப்பும் இருந்தன. காற்று ஏமாற்றினால் கை உதவிற்று. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் கடலூர்க் கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அவற்றை வலையும் மீனும் ஏற்றிய நிலையில் துடுப்பினால் கரை சேர்ப்பது பெரும்பாடு. கிழக்குக் கரைக்காரர்களுக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. மேற்கிலிருந்து கச்சான் வீசும் நாளில் எஞ்சின் நின்றுவிட்டால் காற்று படகைக் கரைக்குத் தள்ளாது. ஆழ்கடலுக்கே கொண்டு செல்லும்.

எத்தனை குதிரைத்திறன் வேண்டும்? இதில்தான் பலரும் வீண்செலவு செய்கிறார்கள். துணை எஞ்சின் வேகத்திற்காக அன்று, வீடு திரும்புவதற்காக. படகு, ஆட்கள், வலை, மீன் எல்லாம் சேர்ந்த எடையில் ஏறத்தாழ ஒவ்வொரு 200 கிலோவுக்கும் 1 குதிரைத்திறன் என்று கொள்ளலாம். மொத்தம் 1 டன் எடையுள்ள சிறு படகுக்கு 5 குதிரைத்திறன் போதும். அமைதியான கடலில் மணிக்கு 4 கடல் மைல் வேகமாவது கிடைக்கும். இருமடங்கு திறன் வாங்கினாலும் பாரம் ஏறிய படகு இருமடங்கு வேகத்தில் ஓடாது. பின்புறம் அமிழ்வதுதான் மிச்சம்.

இனி எரிபொருள். எஞ்சின்கள் கடலில் நிற்பதற்கு உடைந்த இரும்பைவிட எரிபொருளில் கலந்த தண்ணீரும் அழுக்குமே அடிக்கடி காரணமாகின்றன. முதல் எஞ்சின் குடித்துக் கெட்ட அதே டாங்கிலிருந்து துணை எஞ்சினுக்கும் குழாய் இழுத்தால் அதுவும் அதே நோயில் விழும். ஆகையால் அதற்குத் தனி டாங்கு, தனிக் குழாய், தனி வடிகட்டி வேண்டும். முதல் எஞ்சின் டீசலில் ஓடுவதானால் துணைக்குப் பெட்ரோல் என்றாகும்போது இந்தப் பிரிவு தானாகவே அமைந்துவிடுகிறது. அவ்வாறே, பாட்டரியை நம்பாமல் கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சினாகவே வாங்க வேண்டும். 5 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 2 முதல் 3 லிட்டர் குடிக்கும். 10 கடல் மைல் திரும்பி வர இரண்டரை மணி நேரம். எதிர்க்காற்றானால் அதுவே இருமடங்காகலாம். 15 லிட்டருக்குக் குறையாமல் இருப்பு வைப்பதே விவேகம். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை எளிதில் உறிஞ்சும். மாதக்கணக்கில் டாங்கில் தேங்க விடக்கூடாது.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் எடை குறைந்தது, பழுது பார்க்க எளியது. ஆனால் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் சற்றுக் கனமானது, எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும். இவ்விரண்டையும் பற்றிய விவாதம் கடற்கரைத் தேநீர்க் கடைகளில் என்றும் முடியாது. நம் கருத்தில், அருகில் எதற்கு மெக்கானிக்கும் உதிரிப் பாகமும் கிடைக்கின்றனவோ அதுவே நல்ல எஞ்சின்.

அவுட்போர்டு மோட்டாருக்கு உலகெங்கும் வியாபாரம் பிடித்துக் கொடுத்தவர், நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட். ஐஸ்கிரீம் வாங்க ஏரியில் துடுப்பு வலித்துக் களைத்ததே தூண்டுதல் என்பார்கள். 1909இல் அவர் தொடங்கிய எவின்ரூட் மோட்டாரின் உற்பத்தியே 2020இல் நின்றுவிட்டது. பெயரை மட்டும் பார்த்து வாங்குவோர் இதனை நினைவிற் கொள்க. குமரி மாவட்டத்து முட்டத்தில் பெல்ஜியம் நாட்டுக் குருவானவர் பியர் கில்லே ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டிப் பரப்பிய காலத்தை அடுத்து, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு மோட்டார் பழுது பார்க்கும் பட்டறைகளை நடத்தியது. மோட்டாரும் பட்டறையும் சேர்ந்து வந்தால்தான் மீனவருக்குப் பயன் என்பதை அங்கே உணர்ந்திருந்தார்கள்.

பொருத்தும்போது தண்டின் நீளத்தைக் கவனிக்க வேண்டும். குட்டைத் தண்டு 15 அங்குலப் பின்பலகைக்கும், நீளத் தண்டு 20 அங்குலப் பின்பலகைக்கும் உரியவை. துணை எஞ்சின் பெரும்பாலும் நடுவில் இராமல் ஒரு பக்கமாக மாட்டப்படுவதால், படகு சாயும்போது விசிறி நீருக்கு மேலே எழும்பி வீணே சுழலும். எனவே நீளத் தண்டே மேல். பாரம் இழுக்கக் குறைந்த பிட்ச் உள்ள விசிறி ஏற்றது. எஞ்சினை ஒரு சங்கிலியாலும் படகோடு பிணைத்துவிடுங்கள். திருகு தளர்ந்து கடலடி சேர்ந்த எஞ்சின்கள் உண்டு.

பழைய எஞ்சின் வாங்குவோர் கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்க்கட்டும். பால் போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடும்போது பின்புறச் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீச்சுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வாங்கியதைச் சாக்கில் சுற்றி வைப்பது தவறு. கடலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடமாவது அதனை ஓட்டி, கரை வந்ததும் நன்னீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். ஒரு ஸ்பார்க் பிளக், விசிறியின் பின், இழுகயிறு, ஸ்பானர் ஆகியவை ஈரம் புகாத டப்பாவில் எப்போதும் இருக்கட்டும். இரண்டு எஞ்சினும் கைவிட்டால் முதல் வேலை நங்கூரம் போடுவது. அடுத்தது, கைபேசிக்கு இணைப்பு கிடைக்கும் தொலைவிலேயே கடலோரக் காவற்படையின் 1554 என்ற எண்ணை அழைப்பது.