கல்வியைக் கைவிட எண்ணும் தோழனுக்கு

சென்ற மாதம் ஒரு நாள் மஃரிபுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் அமர்ந்திருந்தேன். பத்தாம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் தயங்கியவாறு அருகில் வந்தான். "ஹஜ்ரத்! என் கூட்டாளி படிப்பை நிறுத்தப் போவதாகச் சொல்கிறான். கணக்கு அவனுக்கு வரவில்லை. அவன் அத்தாவுக்கும் உடல்நலமில்லை. கடையில் வேலை செய்துவிட்டு, வயது வந்ததும் சஃபர் போய்விடலாம் என்கிறான். நான் என்ன சொல்லி அவனைத் தடுப்பது?" என்று கேட்டான்.

"என்ன சொல்வது என்பதைப் பிறகு பார்ப்போம், என்ன செய்வது என்பதை முதலில் கேள்" என்று கூறி, இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை அவனுக்கு எடுத்துரைத்தேன்.

இமாமவர்கள் கூஃபா நகரில் துணி வணிகம் செய்துகொண்டே மார்க்கக் கல்வியும் போதித்து வந்தார்கள். அவர்களுடைய மாணவருள் யஃகூப் என்னும் ஏழை இளைஞர் ஒருவர் இருந்தார். இமாமவர்களுக்கு வாழ வசதியுண்டு, நமக்கோ உழைத்தாலன்றி உணவில்லை என்று அவருடைய தந்தை எடுத்துக் கூறவே, அவர் பாடத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

மாணவர் நடுவே ஓரிடம் காலியாக இருப்பதை இமாமவர்கள் கவனித்து விசாரித்தார்கள். அவர் மீண்டும் வந்த நாளில், வராமைக்குக் காரணம் கேட்டார்களேயன்றிக் கடிந்துகொள்ளவில்லை. பிழைப்புக் கவலையும் தந்தைக்குக் கீழ்ப்படிதலுமே காரணம் என அறிந்ததும், மற்றவர்கள் கலைந்து செல்லும்வரை பொறுத்திருந்து, ஒரு பணப்பையை அவரிடம் தந்தார்கள். அதில் 100 திர்ஹம் இருந்தது. பாடத்தை விடாமல் வரும்படியும், பணம் தீர்ந்ததும் தெரிவிக்கும்படியும் கூறினார்கள். ஆனால் தெரிவிக்க வேண்டிய நிலையே வரவில்லை. தீரும் வேளையறிந்து இமாமவர்களே மீண்டும் மீண்டும் கொடுத்து வந்தார்கள்.

அந்த ஏழை மாணவரே இமாம் அபூயூசுஃப் (ரஹ்). கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதியாக விளங்கி, ஹிஜ்ரி 182இல் மறைந்த பேரறிஞர் அவர்.

அன்பர்களே! இமாமவர்கள் கல்வியின் சிறப்பைப் பற்றி அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தந்தைக்கு எதிராக மகனைத் தூண்டவுமில்லை. காரணத்தைக் கேட்டறிந்து, அந்தக் காரணத்தையே நீக்கினார்கள். அதையும் பிறர் காணாமல் செய்தார்கள்.

"என்னிடம் நூறு திர்ஹம் இல்லையே, ஹஜ்ரத்!" என்றான் சிறுவன். "உன்னிடம் மாலை நேரம் இருக்கிறதே! நாள்தோறும் ஒரு மணி நேரம் அவனோடு அமர்ந்து கணக்குப் போடு. காலையில் அவன் வீட்டு வழியாகச் சென்று அவனையும் உடன் அழைத்துப் போ. ஒரு பாடத்தில் தவறினாலும் அவ்வாண்டிலேயே துணைத் தேர்வு உண்டென்று எடுத்துச் சொல். பத்தாம் வகுப்பில் தேறாதவர்கள் சவூதி, குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் செல்லப் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தனியே பெற்றாக வேண்டும். ஆகவே சஃபர் போவதற்கும் படிப்பே துணை என்பதை அவன் அறியட்டும். வீட்டுக் கஷ்டத்தை மட்டும் அவன் சம்மதத்தோடு என்னிடம் சொல்ல வை. அது உன் தோளுக்குரிய சுமையன்று, எங்கள் தோளுக்குரியது" என்றேன்.

ஆம், அது மஹல்லாவின் சுமை. வறுமையால் படிப்பை விடும் பிள்ளை ஜகாத் பெறத் தகுதியுடைய ஏழைகளுள் ஒருவனல்லனா? அவன் கையேந்தி வரும்வரை நாம் காத்திருக்கலாமா? தொழுகை வரிசையில் இடைவெளி கண்டால் உடனே நிரப்புகிறோம். வகுப்பறை வரிசையில் நம் பிள்ளையின் இடம் காலியாவதை ஏன் காணாதிருக்கிறோம்?

இப்போது அவ்விரு மாணவரும் இஷாவுக்கு முன் பள்ளிவாசல் திண்ணையில் கணக்குப் புத்தகத்தோடு அமர்ந்திருக்கக் காண்கிறேன். தேர்வின் முடிவு அல்லாஹ்வின் கையில். தோழனைத் தனியே விடாத அந்தப் பண்பை நம் பிள்ளைகள் அனைவருக்கும், நமக்கும் அவன் அருள்வானாக! ஆமீன்.